மேசைக்கணினி மென்பொருள்களின் விலைத்தகுதியை மதிப்பிடல்: தமிழாய்வாளர் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தட்டச்சு, மேற்கோள் மேலாண்மை, எழுத்துணர்தல், சொல்லடைவாக்கம், புள்ளியியல், பக்க வடிவமைப்பு ஆகிய பணிகளுக்குத் தமிழாய்வாளர்கள் பல மேசைக்கணினி மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் எதற்குப் பணம் செலுத்தலாம், எதற்குச் செலுத்த வேண்டுவதில்லை என்பதை முடிவு செய்வதற்குரிய அளவுகோல்களை இக்கட்டுரை விளக்குகின்றது. வாங்கும் நாளில் செலுத்தும் தொகையோடு ஒரு மென்பொருளின் விலை முடிந்துவிடுவதில்லை. அதனைக் கைவிடும் நாளில் உள்ளே இருக்கும் தரவுகளை மீட்டெடுக்க ஆகும் உழைப்பும் அவ்விலையுள் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மென்பொருள் விலை, உரிமம், சந்தா, கோப்பு வடிவம், ஒருங்குறி, பேஜ்மேக்கர், ஆய்வுக் கருவிகள்.

முன்னுரை

ஆய்வாளர் ஒருவர் நூல் வாங்கும்போது அதன் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார். பதிப்பாசிரியர் யாரெனக் காண்கிறார். நூலகத்தில் படி உள்ளதா என்றும் விசாரிக்கிறார். மென்பொருளைப் பொறுத்தவரை இத்தகைய விசாரணை பெரும்பாலும் நிகழ்வதில்லை. உடன் பயில்வோர் பயன்படுத்துவதையோ தட்டச்சகத்தார் பரிந்துரைப்பதையோ அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கமே மிகுதி. பணம் செலுத்தியது நல்லதாகத்தான் இருக்கும் என்னும் நம்பிக்கையும், இலவசமானதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நம்பிக்கையும் ஒருங்கே நிலவுகின்றன. இவ்விரண்டும் ஆராயப்பட வேண்டியவை. ஓர் ஆய்வேடு ஐந்தாறு ஆண்டு உழைப்பின் பயன். அதைத் தாங்கும் கருவியைத் தெரிவு செய்வதில் நேரும் பிழை, ஆய்வேட்டையே பாதிக்கக் கூடும். எனவே விலைத்தகுதியை மாற்று, காலம், வெளியேற்றம் என்னும் மூன்று அளவுகோல்களால் இக்கட்டுரை அளந்து காட்டுகின்றது. தமிழ் எழுத்துக்கு வேண்டிய தனிச் சோதனைகள் அவற்றைத் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

1. மாற்றோடு ஒப்பிடல்

மென்பொருள் ஒன்று எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதே அதன் பயனை அளக்கும் எளிய வழி. நேரத்தைப் பணமாக மாற்ற ஓர் அடிப்படை வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதத்திற்கு ரூ.37,000 ஆகும். மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனக் கொண்டால் 200 மணி நேரமாகிறது; ஆகவே ஒரு மணி நேரத்தின் மதிப்பு ரூ.185. உதவித்தொகை பெறாத ஆய்வாளரின் நேரம் மதிப்பற்றது என்பது இதன் பொருளன்று. கணக்கிடுவதற்கு ஓர் அலகு தேவை என்பதால் இத்தொகை இங்குக் கொள்ளப்படுகிறது.

ஒருவர் 400 பக்கமுள்ள பழைய பதிப்பு ஒன்றை எழுத்துவடிவக் கோப்பாக மாற்ற விரும்புகிறார் எனக் கொள்வோம். கையால் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்க்கப் பக்கத்திற்கு 20 நிமிடம் வீதம் 133 மணி 20 நிமிடம் ஆகும். எழுத்துணரி கொண்டு படித்துப் பிழை திருத்தப் பக்கத்திற்கு 8 நிமிடம் எனில் 53 மணி 20 நிமிடம் போதும். மிச்சமாவது 80 மணி நேரம். அதன் மதிப்பு ரூ.14,800. இக்கணக்கை மட்டும் காண்பவர், பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள எழுத்துணரியை வாங்குவது இலாபமே என முடிவு செய்வார்.

இம்முடிவில் ஒரு வழு உள்ளது. தமிழைப் படிக்கும் டெசராக்ட் என்னும் எழுத்துணரி இலவசமாகவே கிடைக்கிறது. 1985 முதல் 1994 வரை எச்பி நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இம்மென்பொருள் 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2018இல் வெளிவந்த நான்காம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பு முறையைக் கைக்கொண்டது. மேற்கண்ட 80 மணி நேரச் சேமிப்பை இவ்விலவச எழுத்துணரியே தருமானால், விலைகொடுத்து வாங்கும் எழுத்துணரியின் மதிப்பு அதற்கு மேல் எவ்வளவு சேமிக்கிறது என்பதைப் பொறுத்ததாகும். பக்கத்திற்கு 8 நிமிடம் 7 நிமிடமாகக் குறைந்தால் 400 பக்கத்திற்கு 6 மணி 40 நிமிடம் கூடுதலாக மிச்சமாகும். அதன் மதிப்பு ஏறத்தாழ ரூ.1,233. ஒரே நூலுக்காகப் பத்தாயிரம் செலவிடுவது இழப்பாகும். அத்தகைய பத்து நூல்களை மின்மயமாக்கும் திட்டத்திற்கு அதே செலவு தகும்.

மென்பொருளை வெறுமையோடு ஒப்பிடாமல் கிடைக்கும் சிறந்த மாற்றோடு ஒப்பிட வேண்டும் என்பதும், எத்தனை முறை பயன்படும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும். பிற துறைகளுக்கும் இது பொருந்தும். 200 வினாநிரல்களைக் கொண்ட சமூகமொழியியல் ஆய்வுக்குக் குறுக்கு அட்டவணையும் கை வர்க்கச் சோதனையும் மட்டுமே தேவையெனில், லிப்ரே ஆபிஸ் கணக்கேடே போதுமானது. அதற்கு மேல் வேண்டுவோர்க்கு ஆர், ஜமோவி ஆகியன கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எஸ்பிஎஸ்எஸ் போன்ற விலைமிகு தொகுப்பு அவர்களுக்குக் கூடுதலாகத் தரப்போவது யாது என்று வினவியே முடிவெடுத்தல் வேண்டும். சொல்லடைவும் சூழலடைவும் உருவாக்க, ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் அந்தோணி ஆக்கிய ஆன்ட்கான்க் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் செலுத்துமுன் தம் கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் ஏற்கெனவே உரிமம் பெற்றுள்ளதா என நூலகத்திலும் கணினி மையத்திலும் கேட்டறிவதும் மாற்றுத் தேடலின் ஒரு பகுதியேயாகும்.

2. காலமும் உரிமமும்

மென்பொருளை ‘வாங்குதல்’ என்று நாம் கூறினாலும், பெறுவது பயன்படுத்தும் உரிமமே. அவ்வுரிமம் ஒருமுறை செலுத்திப் பெறும் நிலை உரிமம், ஆண்டுதோறும் அல்லது மாதந்தோறும் செலுத்தும் சந்தா என இருவகைப்படும்.

இவற்றை ஒப்பிடப் பயன்பாட்டுக் காலத்தை முதலில் வரையறுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் மானியக் குழு நெறிமுறைப்படி முனைவர் பட்டக் காலம் குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தது 6 ஆண்டு. நிலை உரிமம் ரூ.12,000, ஆண்டுச் சந்தா ரூ.5,000 என எடுத்துக்காட்டாகக் கொண்டால், இரண்டும் சமமாகும் காலம் 2.4 ஆண்டு. ஆய்வேட்டின் இறுதி ஆறு மாதத்திற்கு மட்டும் தேவைப்படும் கருவிக்குச் சந்தாவே சிக்கனமானது. ஆறாண்டும் தேவைப்படும் கருவிக்குச் சந்தா ரூ.30,000 ஆகிவிடும்; நிலை உரிமத்தின் செலவோ ஆண்டுக்கு ரூ.2,000 அளவில் அமையும்.

ஆயினும் நிலை உரிமம் என்றும் நிலைப்பதன்று. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அவை தொடர்ந்து இயங்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. 2019இல் வெளிவந்த மேக் இயங்குதளமான கேட்டலினா, 32 பிட் செயலிகளை முற்றிலும் விலக்கியது. அதனால் முறையாக விலைகொடுத்து வாங்கிய ஆபிஸ் 2011 அத்தளத்தில் இயங்காது போயிற்று. எனவே நிலை உரிமத்தின் விலையை வகுக்கும்போது, அதன் உற்பத்தியாளர் அறிவித்துள்ள ஆதரவுக் காலத்தையே வகுஎண்ணாகக் கொள்ளல் வேண்டும்.

சந்தாவில் வேறொரு வினா எழுகிறது: செலுத்துவதை நிறுத்தினால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிவுற்றால் மேசைக்கணினிச் செயலிகளில் கோப்புகளைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. எனினும் அக்கோப்புகளின் வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டிருப்பதால், அவற்றை லிப்ரே ஆபிஸ் போன்ற பிற சொல்லாளர்களிலும் திறந்து திருத்தலாம். ஒரே மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய வடிவத்தில் கோப்புகளைச் சேமிக்கும் சந்தாச் செயலிகளில் இவ்வழி இல்லை. மாணவர் சலுகை உரிமங்களில், பதிவுக் காலம் முடிந்ததும் சலுகையும் முடியும் என்னும் விதி பெரும்பாலும் இருக்கும். ஆய்வேட்டைப் பின்னர் நூலாக்க எண்ணுவோர் இவ்விதியை முன்னரே படித்தறிதல் நலம்.

3. வெளியேறும் நாளின் விலை

மூன்றாம் அளவுகோல் பெரும்பாலோர் கருத்தில் கொள்ளாதது. தமிழுலகு இதனால் பட்ட இழப்போ பெரிது. தமிழ்ப் பதிப்புத்துறையில் பேஜ்மேக்கர் பெற்ற இடத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994இல் அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001இல் வெளியான 7.0 பதிப்பே அதன் இறுதிப் பதிப்பு. தமிழ்நாட்டு அச்சகங்களும் தட்டச்சகங்களும் அதன் வளர்ச்சி நின்ற பின்னரும் நெடுங்காலம் அதனையே பயன்படுத்தின. வேகம், எளிமை, பழக்கம், கையிலிருந்த எழுத்துருக்கள் ஆகியன அதற்குக் காரணங்களாயின. அவ்வெழுத்துருக்கள் ஒருங்குறிக்கு முற்பட்டவை; இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தாப், தாம் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்ட பின்னரும், ஒவ்வோர் எழுத்துரு நிறுவனத்தின் குறியேற்றமும் வெவ்வேறாகவே தொடர்ந்தது. ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக அறிவித்தது.

இதன் விளைவை இன்று காண்கிறோம். பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி, அதன் வழித்தோன்றலான இன்டிசைனில் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரையே உண்டு. பிந்தைய பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. 2013 முதல் இன்டிசைனின் புதிய பதிப்புகள் சந்தா வழியாக மட்டுமே கிடைக்கின்றன. பழைய கோப்பு எவ்வாறோ திறக்கப்பட்டாலும், உரிய எழுத்துரு இல்லையெனில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளின் வரிசையே தோன்றும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் குறிமாற்றிகள் பெரிதும் உதவுகின்றன எனினும், வெற்று உரையாக மாற்றுகையில் எழுத்துருத் தகவல் இழக்கப்படுவதால், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாக உருமாறிச் சிதைகின்றன. அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வுநூலில் இச்சிதைவு மிகுதியாகும்.

300 பக்க நூலொன்றைக் குறிமாற்றி, பக்கத்திற்கு 10 நிமிடம் வீதம் ஒப்புநோக்கித் திருத்த 50 மணி நேரம் ஆகுமெனில், அதன் மதிப்பு முன்கூறிய அலகின்படி ரூ.9,250. இத்தொகை அன்று யாருடைய பட்டியலிலும் இடம்பெறவில்லை. இன்று பதிப்பாளரோ ஆய்வாளரோ அதனைச் செலுத்த நேர்கிறது. செலுத்துவார் இல்லாத நூல்கள் தேடுதலுக்கும் சொல்லாய்வுக்கும் எட்டாத நிலையில் தங்கிவிடுகின்றன.

இலவச மென்பொருள்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். மேற்கோள் மேலாண்மைக்கு இலவசமாகக் கிடைத்த மென்டலி, 2013இல் எல்செவியர் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. 2018இல் அதன் மேசைக்கணினிப் பதிப்பு, பயனரின் கணினியிலுள்ள தரவுத்தளத்தை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. பிற மென்பொருள்கள் அதனை நேரடியாகப் படிக்க முடியாமற்போயிற்று. 2022 செப்டம்பரில் அப்பதிப்பைப் பதிவிறக்கும் வசதியும் நிறுத்தப்பட்டு வேறொரு செயலி முன்வைக்கப்பட்டது. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சொட்டேரோவும் இலவசமானதே. அது திறமூலமாக இருப்பதோடு, தரவுகளைப் பொது வடிவங்களில் ஏற்றுமதி செய்யவும் இடமளிக்கிறது. இணையச் சேமிப்பில் 300 எம்பி வரை கட்டணமில்லை. கோப்புகளைத் தம் கணினியிலேயே வைத்துக்கொள்வோர் எதுவும் செலுத்த வேண்டுவதில்லை. இவ்விரு மென்பொருள்களின் விலையும் சுழியமே. வெளியேறும் வழியில் அவை வேறுபடுகின்றன.

4. தமிழுக்குரிய சோதனைகள்

விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றிற்குச் சோதனைக் காலம் உண்டு. அக்காலத்தில் விளம்பரப் பட்டியலிலுள்ள வசதிகளைப் பார்ப்பதினும், தம் ஆய்வேட்டின் ஓர் இயலை முழுதும் அதில் செய்து பார்ப்பதே பயனுடையது. தமிழுக்கெனச் சில சோதனைகள் இன்றியமையாதவை.

அ) அகரவரிசை: மனம், மலர், மறை, மணி, மழை, மரம் என்னும் சொற்களை வரிசைப்படுத்தச் செய்க. மணி, மரம், மலர், மழை, மறை, மனம் என அமைந்தால் மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கை அறிந்துள்ளது. மணி, மனம், மரம், மறை, மலர், மழை என அமைந்தால் அது குறியெண் வரிசையையே பின்பற்றுகிறது. சொல்லடைவும் துணைநூற்பட்டியலும் உருவாக்குவோர்க்கு இக்குறை பெருஞ்சுமையாகும்.

ஆ) தேடல்: ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பு அல்லது இரட்டைக் கொம்புடன் காலைச் சேர்த்து இரு குறிகளாகவும் உள்ளிடலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘கொடை’ என்பதை இருவகையாலும் உள்ளிட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டும் மென்பொருள், சொல் எண்ணிக்கையிலும் பிழை செய்யும்.

இ) பிடிஎஃப் வெளியீடு: ஆய்வேட்டைப் பிடிஎஃப் ஆக்கி, அதில் ‘கோவை’, ‘தொல்காப்பியம்’ போன்ற சொற்களைத் தேடுக, ஒரு பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டுக. கொம்புகளும் கால்களும் இடம்மாறினால், அச்சில் அழகாயிருக்கும் அக்கோப்பு தேடுபொறிக்குப் பயன்படாது.

ஈ) பிழைதிருத்தி: மென்தமிழ் போன்று தமிழுக்கென உருவான சொல்லாளர்களை மதிப்பிடும்போது, தாம் முன்னரே திருத்திப் பிழைகளை எண்ணி வைத்துள்ள பத்துப் பக்கங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். கண்டறிந்த பிழை, தவறவிட்ட பிழை, சரியானதைத் தவறெனச் சுட்டியது ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். மூன்றாவது மிகுந்தால் மிச்சமாகும் நேரம் குறையும். சங்க இலக்கிய மேற்கோள் மிகுந்த நடையிலும் இக்கால உரைநடையிலும் இவ்வெண்கள் வேறுபடக் கூடுமாதலால், தம் ஆய்வுப் பொருளுக்குரிய பக்கங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உ) வெளியேற்றம்: இறுதியாக, உள்ளிட்ட அனைத்தையும் வேறொரு மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்து அங்குத் திறந்து பார்க்க வேண்டும். அடிக்குறிப்பு, சாய்வெழுத்து, அட்டவணை ஆகியன நிலைத்துள்ளனவா எனக் காணல் வேண்டும். பணம் செலுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

5. உரிமமற்ற படிகள்

உரிமமற்ற படி எளிதிற் கிடைக்கையில் விலைபற்றிய ஆராய்ச்சி எதற்கு என்னும் வினா எழலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63ஆ, உரிமம் மீறிய கணினி நிரலை அறிந்தே பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஏழு நாளுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2,00,000 வரையிலான தண்டமும் அதில் கூறப்பட்டுள்ளன. வணிக ஆதாயத்திற்கன்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறைத்தண்டனை விதிக்காமல் ரூ.50,000 வரை தண்டம் மட்டும் விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முறையாகப் பெற்ற நிரலுக்குக் காப்புப் படி எடுத்துக்கொள்வதைப் பிரிவு 52 அனுமதிக்கிறது.

சட்டத்தினும் அண்மையிலுள்ள இடர் வேறு. பூட்டுடைத்த படிகளோடு தீநிரல்கள் வருவது வழக்கம். காப்புப் படியின்றி ஒரே கணினியில் ஆய்வேட்டை வைத்திருப்பவர்க்கு அதனால் நேரும் இழப்பு ஈடுசெய்ய இயலாதது. மேலும், உரிமமற்ற படியே மாற்று மென்பொருளைத் தேடும் முயற்சியைத் தடுக்கிறது. பேஜ்மேக்கரை விட்டு வெளியேறத் தமிழ்ப் பதிப்புத்துறை காலந்தாழ்த்தியதற்கு, அதன் படிகள் செலவின்றிக் கைமாறியதும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

6. பணம் செலுத்தத் தக்க இடங்கள்

கட்டண மென்பொருள் யாவும் தவிர்க்கத் தக்கவை என்பது இக்கட்டுரையின் துணிபன்று. ஆண்டுக்கு நான்கு இதழ் வெளியிடும் ஆய்விதழுக்கு, அச்சகம் கேட்கும் வண்ணப்பிரிப்பும் சீரான வரியமைப்பும் தேவை. சிஎஸ்6 முதல் இந்திய மொழி எழுத்தமைப்பை ஏற்கும் இன்டிசைன் அவ்விதழுக்குத் தன் சந்தாவை ஈட்டித் தரலாம். ஒரே ஆய்வேட்டை வடிவமைப்பவர்க்கு அது தேவையில்லை. நீண்ட நூல்களை எழுதுவோர்க்கான ஸ்கிரிவனர், ஒருமுறை விலைகொடுத்துப் பெறும் மென்பொருள். அதன் 30 நாள் சோதனைக் காலம் நாட்காட்டி நாளைக் கணக்கிடாமல் உண்மையில் பயன்படுத்திய நாளையே கணக்கிடுகிறது. எழுதும் உரையைப் பிற சொல்லாளர்கள் திறக்கக்கூடிய வடிவத்திலேயே அது சேமிக்கிறது. நேர்காணல்களைக் குறியிட்டு ஆராயும் பண்புசார் ஆய்வு மென்பொருள்களிலும், 2019இல் வெளிவந்த பொதுப் பரிமாற்றத் தரத்தை ஏற்பவற்றை முதன்மையாகக் கருதலாம்.

இலவசத் திறமூல மென்பொருளைத் தெரிவு செய்பவரும், மிச்சமான தொகையில் ஒரு சிறு பகுதியை அதனை உருவாக்குவோர்க்கு நன்கொடையாக அளிக்கலாம். தமிழ் வரிசையிலோ தேடலிலோ கண்ட வழுவைத் தெளிவான எடுத்துக்காட்டோடு அவர்களுக்குத் தெரிவிப்பதும் அதனினும் குறையாத பங்களிப்பாகும்.

முடிவுரை

மென்பொருளின் பயனைக் கிடைக்கும் சிறந்த மாற்றோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். விலையை உண்மையான பயன்பாட்டுக் காலத்தால் வகுக்க வேண்டும். வெளியேறும் நாளின் உழைப்பை அவ்விலையோடு கூட்ட வேண்டும் என்பன இவ்வாய்வால் பெறப்படுகின்றன. இம்மூன்றனுள் முதலிரண்டில் நேரும் பிழையால் இழப்பது பணம். மூன்றாவதில் நேரும் பிழையால் நூல்களையும் குறிப்புகளையும் இழக்க நேரிடும். பேஜ்மேக்கர் கோப்புகளில் தங்கிவிட்ட தமிழ் நூல்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. ஆதலால், எந்த மென்பொருளையும் ஏற்குமுன் அதிலிருந்து தம் ஆய்வை முழுமையாக வெளிக்கொணர இயலுமா என்பதை ஆய்வாளர் தம் கையாலேயே ஒருமுறை சோதித்தறிய வேண்டும். நெறியாளர்கள் இச்சோதனையை ஆய்வு நெறிமுறைப் பாடத்தின் செய்முறைப் பயிற்சியாக அமைப்பின், அடுத்த தலைமுறை ஆய்வேடுகளேனும் இவ்விழப்பினின்று காக்கப்படும்.